சைக்கிளைக் காணாத சட்டம்: பாப்பிரெட்டிப்பட்டிச் சாலைகளை முன்வைத்து

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் வரும் மாணவி, ஒரே காலையில் மூன்று அதிகாரங்களின் சாலைகளில் மிதிக்கிறாள். வீட்டுக்கு வெளியே தொடங்குவது ஊராட்சிச் சாலை. அது போய்ச் சேரும் தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் ஏறி அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடி போகும் பெரிய சாலையைத் தொட நேர்ந்தால் அது தேசிய நெடுஞ்சாலை 179ஏ. ஊருக்குள் திரும்பியதும் பேரூராட்சித் தெரு. இவை எல்லாவற்றிலும் லாரிக்கு விதி உண்டு, பேருந்துக்கு உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு உண்டு. அவள் ஓட்டும் சைக்கிள் எந்த ஓரம் போக வேண்டும், இருட்டில் என்ன விளக்கு வேண்டும், பின்னால் தங்கையை ஏற்றலாமா, அவளைக் கடந்து போகும் லாரி எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்த உள்ளூர் விதி கிடையாது.

விதி இல்லாதது நல்லதுதானே என்று தோன்றலாம். சைக்கிள் ஏழையின் வண்டி, அதையாவது சட்டம் விட்டுவைக்கட்டும் என்பது மனிதாபிமானம் உள்ள வாதம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் விதி இல்லாத சாலையில் பலசாலியின் பழக்கமே விதியாகிவிடுகிறது. ஹாரன் அடித்தவருக்கு வழி, கனமான வண்டிக்கு நடுச்சாலை, மிதிப்பவருக்கு மண்ணும் ஜல்லியும் கிடக்கும் ஓரம். எங்கும் எழுதப்படாமலே நாள் தவறாமல் அமலாகும் ஏற்பாடு இது.

தர்மபுரி மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி கூடுதலாக உறைக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்திருந்தது இங்கேதான்: 68.54 விழுக்காடு. இப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள ஐந்தாறு கிலோமீட்டர், ஒரு பெண் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானிக்கும் தூரம். இதை உணர்ந்துதான் தமிழ்நாடு அரசு 2001-02இல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கி, 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் அதை விரித்தது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் சைக்கிள் ஏறிய அந்த நாட்களைச் செய்தியாளர் பி. சாய்நாத் எழுதி நாடறியச் செய்தார். ஆக, சைக்கிளைப் பொதுக் கொள்கையாக நடத்திய மாநிலம் நம்முடையது. ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள்களை அரசே சாலையில் இறக்கிவிடுகிறது. அவற்றில் ஏறிப் போகிறவர்களுக்குச் சாலையில் என்ன இடம் என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் எந்திர விசையால் ஓடும் வாகனங்கள் பொதுப்பட்டியலின் 35ஆம் இனம். எந்திர விசையால் ஓடாத வாகனங்கள், சாலைகள், பாலங்கள் எல்லாம் மாநிலப் பட்டியலின் 13ஆம் இனம். அதாவது மோட்டார் சைக்கிளைப் பற்றி டெல்லியும் சென்னையும் சேர்ந்து பேசலாம். சைக்கிளைப் பற்றிப் பேச வேண்டியது சென்னை. மத்தியச் சட்டமான 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளைத் தன் வரையறைக்குள் சேர்க்கவே இல்லை. அதன்கீழ் வந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளும் 2017இல் அவற்றுக்குப் பதிலாக வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் மோட்டார் ஓட்டுநரை நோக்கியே எழுதப்பட்டவை. 1989 விதிமுறைகளில் சைக்கிளுக்குச் சாதகமான ஒரு விதி இருந்தது. சைக்கிளுக்கென்று தடம் ஒதுக்கப்பட்டிருந்தால், சீருடையில் உள்ள காவலர் அனுமதித்தால் ஒழிய அதில் மோட்டார் வாகனத்தை ஓட்டக்கூடாது என்பது அது. நல்ல விதி. ஆனால் அது காப்பாற்றுவதற்கு முதலில் தடம் ஒன்று இருக்க வேண்டுமே. பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் அந்தப் பாதுகாப்பு காகிதத்தை விட்டு இறங்கியதில்லை.

சைக்கிளைச் சட்டம் என்றுமே கவனித்ததில்லை என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மிகக் கூர்ந்து கவனித்தது. இன்று அறுபது எழுபது வயதில் இருப்பவர்களைக் கேட்டால் சைக்கிள் வில்லையைப் பற்றிச் சொல்வார்கள். ஆண்டுதோறும் பஞ்சாயத்திலோ முனிசிபாலிட்டியிலோ பணம் கட்டி வாங்கி, ஹேண்டில்பார் அருகே தொங்கவிட்ட சிறிய உலோகத் தகடு அது. அது இல்லாத சைக்கிளை வரி வசூலிக்க வந்தவர் நிறுத்துவார். இருட்டியபின் விளக்கில்லாமல் வந்தாலும், டபுள்ஸ் வந்தாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். வால் டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டு நடக்கவிடுவது நடைமுறைத் தண்டனை. மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி முன்னால் மாட்டிக்கொண்டு போனதையும், பிறகு டைனமோ வந்ததையும் சொல்லாத தாத்தாக்கள் குறைவு.

அந்த வில்லைக்குச் சட்ட வேர் உண்டு. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் வண்டிகள்மீது வரி போடும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குத் தந்தது. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் வீட்டு வரி, தொழில் வரியோடு வாகன வரியையும் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தது. சைக்கிளை வண்டி என்று கொள்ளும் வழக்கம் அதற்கும் முந்தையது. இங்கிலாந்தில் 1879இல் டெய்லர் எதிர் குட்வின் வழக்கில், ஆபத்தான வேகத்தில் வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே அப்போது ஒவ்வொரு உள்ளாட்சியும் சைக்கிளுக்குத் தன் விருப்பப்படி துணைவிதி போட்டுக்கொண்டிருந்தது. ஓர் எல்லை தாண்டினால் வேறு விதி. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தன் 85ஆம் பிரிவில் இந்தக் குழப்பத்தை முடித்துவைத்தது. சைக்கிளும் வண்டிதான், ஆகவே சாலையில் அதற்கும் உரிமை உண்டு என்று அறிவித்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் விளக்கு, முந்திச் செல்லும்போது காதில் விழும்படி எச்சரிக்கை, அவ்வளவே கடமை. சைக்கிள்காரர்களே அந்தப் பிரிவைப் பெரிய வெற்றியாகக் கருதினார்கள். உரிமையும் கடமையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் கடமை பாரமாகத் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

நம் ஊருக்கு வந்து சேர்ந்ததில் வரிப் பகுதிதான் அழுத்தம் பெற்றது. வில்லை வாங்கியவருக்குச் சாலையில் கூடுதலாக ஏதேனும் கிடைத்ததா என்றால், இல்லை. நெதர்லாந்திலும் இதே காலத்தில் சைக்கிள் வரி இருந்தது. 1924இல் தொடங்கிய அந்த வரிக்கும் ஓர் உலோகத் தகடுதான் அடையாளம். 1926க்குப் பிறகு அந்தப் பணம் சாலை நிதிக்குப் போனது. போட்ட சாலைகள் மோட்டாருக்கா எனக்கா என்று சைக்கிள்காரர்கள் கேள்வி கேட்டார்கள். வரி கொடுத்தவருக்குக் கேட்கும் தைரியம் வரும். 1941இல் வரி போனது, கேட்கும் பழக்கம் தங்கிவிட்டது. இலங்கையில் பிரதேச சபைகள் அரசிதழில் வெளியிடும் வாகன, விலங்கு வரி அறிவிப்புகளில் சைக்கிள் இன்னும் இடம்பெறுகிறது. வியாபாரத்துக்குப் பயன்பட்டால் 18 ரூபாய், மற்றபடி 4 ரூபாய், அதே பட்டியலில் யானைக்கு 50 ரூபாய். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் வழியில் வந்த தொகைகள் இவை. இன்றைய விலைவாசியில் இந்தத் தொகைக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனாலும் சைக்கிள் என்ற ஒன்று தன் எல்லைக்குள் ஓடுகிறது என்பதை அந்த உள்ளாட்சி ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத்தில் ஒப்புக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் வில்லை மெல்ல வழக்கொழிந்தது. வசூல் செலவுக்குக்கூடக் கட்டாத வரி என்பதால் அதை யாரும் தேடவில்லை, நானும் அது திரும்ப வர வேண்டும் என்று கேட்கவில்லை. வருந்த வேண்டியது வேறு ஒன்றுக்கு. வரி போனபோது பதிவேடும் போனது. ஊரில் எத்தனை சைக்கிள், எந்தத் தெருவில் அதிகம், எந்த நேரத்தில் நெரிசல் என்று அறிய உள்ளாட்சிக்கு இருந்த ஒரே காரணமும் போனது. இடையில் பேரூராட்சிகளின் சட்ட வீடே பலமுறை மாறியது. 1994இல் பஞ்சாயத்துச் சட்டத்திலிருந்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்குப் போயின, 2004இல் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக்கப்பட்டன, 2006இல் மறுபடி பேரூராட்சிகளாயின. 1998இல் இயற்றப்பட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் அமலுக்கு வந்தது. இத்தனை மாற்றத்தில் தெருவில் சைக்கிள் ஓட்டுவதற்கான துணைவிதியை யார் நினைவில் வைத்திருப்பார்?

இன்று மிஞ்சியிருப்பவை பொதுக் குற்றவியல் சட்டத்தின் இரண்டு பிரிவுகள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவாகியிருக்கிறது. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றம் என்கிறது அது. மோட்டார் என்ற சொல் அதில் இல்லாததால் சைக்கிளுக்கும் பொருந்தும். 285ஆம் பிரிவு பொதுவழியில் தடையோ ஆபத்தோ உண்டாக்குவதைப் பற்றியது. இரண்டும் நடந்து முடிந்த செயலுக்குத் தண்டனை தேடுபவை. அன்றாடம் எப்படிப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது அவற்றின் வேலை இல்லை.

இந்த வெற்றிடம் யாரைப் பாதிக்கிறது என்பது விபத்து நடந்த பிறகே வெளிச்சத்துக்கு வருகிறது. சைக்கிளில் போனவர்மீது மோட்டார் வாகனம் மோதினால், அவரோ அவர் குடும்பமோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கமான எதிர்வாதம், அடிபட்டவரும் கவனக்குறைவாக வந்தார் என்பது. விளக்கு இல்லை, பின்பக்கம் சிவப்புப் பிரதிபலிப்பான் இல்லை, நடுச்சாலைக்கு வந்துவிட்டார், பின்னால் ஆள் ஏற்றியிருந்தார். இந்த வாதம் ஏற்கப்பட்டால் இழப்பீடு அந்த அளவுக்குக் குறையும். சிறு பிள்ளைகள்மீது இந்தப் பழியைச் சுமத்த நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்குகின்றன. பதினாறு, பதினேழு வயது மாணவருக்கும் கூலிக்குப் போகும் பெரியவருக்கும் அந்தத் தயக்கம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எது சரியான ஓட்டம் என்று முன்கூட்டி எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் எது தவறு என்று பின்னால் வந்து கண்டுபிடிக்கப்படுகிறது. மோதியவர் நிற்காமல் போய்விட்டால் 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு இரண்டு லட்சம், படுகாயத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய். ஒரு குடும்பத்தின் சம்பாதிக்கும் ஆள் போனதற்கு இது ஈடாகாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் சைக்கிள் ஓட்டியவர்கள் 4,800க்கும் மேல். இந்த எண்ணிக்கைகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, சைக்கிளுக்கு ஆபத்து தருவதைக் கட்டுப்படுத்துவது. மற்றது, ஆபத்தான இடத்திலிருந்து சைக்கிளை அகற்றுவது. இரண்டாவதுதான் மலிவு, அதனால் அதற்கே ஈர்ப்பு அதிகம்.

கொல்கத்தா அந்த வழியில் போனது. 2013இல் மாநகரக் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிள் உள்ளிட்ட மெதுவாகப் போகும் வண்டிகளைத் தடைசெய்தது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் பொருள் ஏற்றிப் போகும் சிறு வியாபாரியும் திடீரென்று சட்டமீறுபவர்கள் ஆனார்கள். எதிர்ப்பு வந்தபின் பட்டியல் 62 சாலைகளாகச் சுருங்கியது. மோட்டார் இல்லாத இன்னொரு வண்டியான ஸ்கேட்போர்டுக்கும் இதே கதிதான். நார்வே 1978இல் அதை விற்பதையும் வைத்திருப்பதையும்கூடத் தடைசெய்து, 1989 வரை அந்தத் தடையை வைத்திருந்தது. பிள்ளைகள் காட்டுக்குள் மரச்சரிவு கட்டி ஓட்டினார்கள். பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துக்கே தெரிந்த எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. 2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை – சேலம் எட்டுவழிச் சாலை இந்தப் பக்கத்து நிலங்களின் வழியாகத்தான் திட்டமிடப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்துசெய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக நடைமுறையைத் தொடங்க வழிவிட்டது. நிலம், கிணறு, மலை பற்றியே அப்போது அதிகம் பேசப்பட்டது, அது நியாயமும்கூட. பேசப்படாத ஒன்று, அத்தகைய சாலை முழுவதும் வேகமாகப் போகும் மோட்டாருக்கானது என்பது. வயலிலிருந்து வயலுக்குச் சைக்கிளில் போகிறவர் அதைக் கடக்க எங்கோ ஒரு சுரங்கப் பாதையைத் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருந்திருக்கும். மிதிப்பவருக்குக் கூடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உடலால் கட்டும் கட்டணம்.

இந்த இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வு இப்போது சட்டமாகவே நம் முன்னால் வந்து நிற்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 138ஆம் பிரிவில் 1ஏ என்றொரு உட்பிரிவு சேர்ந்தது. எந்திர விசையால் ஓடாத வாகனங்களும் நடந்து போகிறவர்களும் சாலைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் எப்படிப் புழங்கலாம், எங்கே நுழையலாம் என்பதை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதிகள் செய்யலாம் என்கிறது அது. தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும். அதே திருத்தத்தில் வந்த 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரங்களை மாநிலங்கள் விதியாக்கலாம் என்றது. 198ஏ பிரிவு, வகுக்கப்பட்ட தரத்தை மீறிச் சாலை அமைப்பவருக்கும் பராமரிப்பவருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்றது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 7 அன்று, எல்லா மாநிலங்களும் இந்த இரண்டு விதித்தொகுப்புகளையும் ஆறு மாதங்களுக்குள் உருவாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, கே.வி. விஸ்வநாதன் அமர்வின் உத்தரவு அது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலையில் உடைந்துவரும் எலும்புகளைப் பொருத்திக்கொண்டே இருப்பது போதாது என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியவர். அவர் வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவும் அமைந்தது. கொங்கு நாட்டு மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்விக்குத் தமிழ்நாடு எழுதும் பதில் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

என் கவலை, இந்த விதிகள் தலைமைச் செயலகத்தில் பெருநகரச் சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டுவிடும் என்பது. அப்படி எழுதினால் ஹெல்மெட், விளக்கு, ஒற்றை வரிசை, அபராதம் என்று மிதிப்பவரை நோக்கியே எல்லா வாக்கியங்களும் முடியும். பேரூராட்சியிலிருந்து யோசித்தால் வரிசை வேறாக வரும்.

முதலில் வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 30இல் வருவதைப்போல் நான்கு மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு விநாடியிலேயே அந்த வண்டி பதினாறு மீட்டருக்கும் மேல் ஓடிவிடும். மத்திய அரசின் 2018 அறிவிக்கையோ நகராட்சி எல்லைக்குள்கூடக் காருக்கு 70, இருசக்கர வாகனத்துக்கு 60 என்று மேல்வரம்பு வைத்தது. மக்களும் மோட்டார்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டர் போதும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு அறிவித்தது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புத் தெருக்களுக்கு அந்த 30ஐ அறிவித்தது. சென்னைத் தெருவுக்குப் பொருந்துவது பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளித் தெருவுக்கு ஏன் பொருந்தாது? வேக வரம்பைக் குறைக்கும் அதிகாரம் 112ஆம் பிரிவின்படி மாநில அரசிடமும் அது அதிகாரமளித்தவரிடமும் இருக்கிறது. பேரூராட்சி மன்றம் தானே குறைக்க முடியாது. ஆனால் தீர்மானம் போட்டு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் முன்வைக்க முடியும்.

அடுத்து சாலையின் ஓரம். தார் முடியும் இடத்தில் நான்கு விரற்கடை பள்ளம் இருந்தால், ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கும் சைக்கிள் அங்கேதான் கவிழும். மறுபடி மறுபடி மேலே தார் போட்டு உயர்த்தி, ஓரத்தில் மண் நிரப்பாமல் போவது நம் சாலைகளின் பழைய வியாதி. வேகத்தடையின் ஓரத்தில் சைக்கிள் நுழைய இடைவெளி விடாததும், கடைக்காரர்கள் தார் விளிம்புவரை சரக்கு வைப்பதும், வண்டிகள் நிறுத்தப்படுவதும் இதனோடு சேரும். முன்சொன்ன 210டி விதிகளில் ஓரச் சமம் கட்டாயம் என்று ஒரு வரி வந்தால், மிதிப்பவரைப் பற்றிய பத்து விதிகளைவிட அது அதிகம் காப்பாற்றும்.

பிறகுதான் மிதிப்பவரின் கடமைகள். அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியா 1980இல் சேர்ந்தது. நல்ல பிரேக், காதில் விழும் மணி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான், இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு என்று சைக்கிளுக்கு அது கேட்பவை நியாயமானவை. வாணியாற்றுப் பக்கத்து ஊர்களுக்கு மாலை வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைக்கு அந்தச் சிவப்புப் புள்ளிதான் லாரி ஓட்டுநரின் கண்ணில் படும் ஒரே அடையாளம். ஆனால் சைக்கிளைக் கொடுப்பது அரசு என்றால், விளக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதும் அரசு. பள்ளிப் பிள்ளைக்கு அபராதம் போடும் விதி கூடாது. டபுள்ஸ் விஷயத்திலும் பழைய தடை திரும்பக்கூடாது. தங்கையைக் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் அக்காவால்தான் பல வீடுகளில் இரண்டாவது பெண்ணும் பள்ளிக்கு வருகிறாள்.

எந்திர விசையால் ஓடாதவற்றுக்கு விதி எழுதும்போது ஸ்கேட்போர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் அதைத் தெருவில் பார்ப்பது அரிது. ஆனால் கிராமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் தவறு. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமத்தில், ஜெர்மானியரான உல்ரிக் ரைன்ஹார்ட் 2015இல் ஒரு ஸ்கேட்போர்டு களம் கட்டினார். அங்கே இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, முதல் முறை பெண் பிள்ளைகளுக்கு. சாதி பார்த்து ஒதுங்கி நின்ற பிள்ளைகள் அந்த விதிகளின்கீழ் ஒன்றாக ஓட்டினார்கள். நம் பக்கத்தில் மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுப் பரிந்துரைவரை போனது. ஜெர்மன் சாலை விதிகள் ஸ்கேட்போர்டில் போகிறவரை நடந்து போகிறவராகவே கருதுகின்றன. சிங்கப்பூர் 2017இல் தனிச் சட்டமே கொண்டுவந்து, நடைபாதையில் இத்தகைய கருவிகளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து, 2019 நவம்பரில் மின்-ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து நீக்கியது. அந்த நாட்டால் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் அங்கே நடைபாதை இருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு இப்போது பொருந்துவது ஜன்வார் வழிதான்: தெருவில் தடை போடுவதற்கு முன் ஓட்ட ஓர் இடம் கொடுப்பது.

ஸ்கேட்போர்டைவிட அவசரமானது வேறு ஒன்று. 250 வாட்டுக்குக் குறைந்த, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாத மின்வண்டிகள் மத்திய விதிகளின்படி மோட்டார் வாகனங்கள் அல்ல. பதிவும் உரிமமும் வேண்டாம். பெற்றோர் அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவையும் சைக்கிளும் ஒரே வெற்றிடத்தில் நிற்கின்றன. மிதிப்பவரைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சத்தமில்லாமல் பின்னால் வரும் வண்டியை எந்த ஓரத்தில் வைப்பது என்பதைப் புதிய விதிகள் சொல்லியாக வேண்டும்.

தடத்தைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில், சின்ன ஊருக்குச் சைக்கிள் தடமா என்பது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றபோது போக்குவரத்துச் செலவில் அறுபது விழுக்காட்டை நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. பேரூராட்சியின் கையில் அப்படிப் பிரிக்கும் அளவுக்குப் பணம் இல்லை. ஆனால் தேசிய அளவுகோல் ஒன்று இதற்குப் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962இல் வெளியிட்ட பதினோராம் எண் நெறிமுறை, மணிக்கு இருநூறு மோட்டார் வாகனங்களுக்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் நூறு சைக்கிள் ஓடினாலே தனித்தடம் அமைப்பது நியாயம் என்றது. ஊரின் அளவு அதில் பேச்சே இல்லை. சாலையில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைதான் கணக்கு.

அந்தக் கணக்கை எடுக்கப் பொறியாளர் வேண்டியதில்லை. பள்ளி தொடங்கும் நேரத்தில் அரூர் சாலையில் ஒருவர் நோட்டோடு நின்று ஒரு மணி நேரம் எண்ணினால் போதும். இந்த வட்டத்திலேயே கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சாலையில் கூடும், பொதுத்தேர்வை ஒட்டிய சிறப்பு வகுப்புகளும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. ஆகவே எண்ணிக்கையை இரண்டு முறை, பருவத்தில் ஒன்றும் பருவம் இல்லாதபோது ஒன்றும் எடுக்க வேண்டும். பேரூராட்சி மன்றம் அதைத் தீர்மானத்தோடு இணைத்து ஆட்சியருக்கும், நெடுஞ்சாலைத் துறைக்கும், 138(1ஏ) விதிகளை எழுதும் உள்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்பலாம். தனித்தடம், பள்ளி நேரத்தில் 30 கிலோமீட்டர் வரம்பு, அந்த நேரத்தில் கரும்பு வண்டிகள் ஊருக்கு வெளியே நிற்பது என்ற மூன்று கோரிக்கைகளும் அந்த ஒரே தாளில் அடங்கும்.